தீயணைப்பு நிலையத் துயிலறைகளும் பணிநேரமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தீயணைப்பு நிலையத்தின் துயிலறை பெரும்பாலும் கட்டடத்தின் துணை உறுப்பாகவே கருதப்படுகிறது. அதனைப் புதுப்பிக்கும் பணியும் வண்ணப்பூச்சு, கட்டில், கழிப்பறை என்ற அளவில் நின்றுவிடுகிறது. துயிலறையின் வடிவம் ஒவ்வொரு காலத்திலும் தீயணைப்பாளரின் பணிநேரத்தை ஒட்டியே மாறி வந்துள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. உரோம், எடோ, இலண்டன், சிகாகோ, சிங்கப்பூர் ஆகிய நகரங்களின் சான்றுகளும் சென்னை மாகாணம், தமிழ்நாடு ஆகியவற்றின் நிருவாக வரலாறும் இதற்குத் துணையாகக் கொள்ளப்படுகின்றன. தீயைவிட நீரே முதன்மை இடராக விளங்கும் ஒகேனக்கல் போன்ற இடங்களில் துயிலறைச் சீரமைப்பு எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பது இறுதியில் ஆராயப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: தீயணைப்பு நிலையம், துயிலறை, பணிநேரம், சீரமைப்பு, சென்னை, ஒகேனக்கல்

முன்னுரை

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் காவிரி பாறைகளுக்கிடையே பிளந்து வீழும் இடம் ஒகேனக்கல். கன்னடத்தில் ‘ஹொகே’ என்பது புகை. ‘கல்’ என்பது பாறை. அருவி வீழும் இடத்தில் எழும் நீர்த்திவலை புகைபோலத் தோன்றுவதால் இப்பெயர் அமைந்தது என்பர். பெயரில் புகை இருப்பினும் இங்குத் தீயணைப்புத் துறையினரின் முதன்மைப் பணி நீரோடு தொடர்புடையது. சுழலில் சிக்கியவரை மீட்பதும், வெள்ளக் காலத்தில் கரையைக் காப்பதும், நீரில் மூழ்கியவரின் உடலைத் தேடுவதும் அப்பணியில் அடங்கும். துறையின் பெயரிலும் ‘தீயணைப்பு’ என்பதோடு ‘மீட்புப் பணிகள்’ என்பது சேர்ந்தே நிற்கிறது.

பணியின் எல்லை இவ்வாறு விரிந்தபோதும், பணிக்குக் காத்திருக்கும் இடம் பற்றிய சிந்தனை அதே அளவுக்கு விரிவடையவில்லை. தீயணைப்பாளரின் பணியில் பெரும்பகுதி காத்திருத்தலாகும். அவர் எந்நேரமும் எழுந்து ஓடத்தக்க நிலையில் இருப்பதற்கே ஊதியம் பெறுகிறார். எனவே அவர் உறங்கும் அறை ஓய்வுக்குரிய இடமாகவும் பணிக்குரிய இடமாகவும் ஒருங்கே அமைகிறது. இந்த இரட்டைத் தன்மை வரலாற்றில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை அறியாமல் மேற்கொள்ளப்படும் சீரமைப்பு, பழைய பணிமுறைக்கு ஏற்ற அறையையே புதிய பூச்சோடு மீண்டும் கட்டித் தருவதாக முடியும். இக்கட்டுரையின் கருதுகோள் இதுவே.

இரவுக் காவலும் உறக்கமும்: தொன்மைச் சான்றுகள்

தமிழ் இலக்கியத்தில் இரவுக் காவலர் பற்றிய செய்திகள் பலவாகும். மதுரைக்காஞ்சி நள்ளிரவில் மதுரைத் தெருக்களைக் காக்கும் காவலரின் சோர்வின்மையையும் கள்வரைத் தேடும் திறனையும் விரித்துரைக்கிறது. அகப்பாடல்களின் இரவுக்குறியில் ஊர்க்காவலர் காதலரின் சந்திப்பிற்கு இடையூறாக வருகின்றனர். இவ்விரு சூழல்களிலும் புலவர்களின் கவனம் காவலரின் விழிப்பின் மீதே நிற்கிறது. விழித்தவர் எப்போது, எங்கே கண்ணயர்ந்தார் என்பது பாடுபொருளாகவில்லை. காவலை விழிப்பாக மட்டுமே காணும் இப்பார்வை பிற்கால நிருவாகத்திலும் தொடர்வதைக் காணலாம்.

அருத்தசாத்திரம் நகர நிருவாகியின் கடமைகளைக் கூறும் பகுதியில் தீத்தடுப்பு விதிகளை வகுக்கிறது. வீடுகளில் நீர்க்கலம், ஏணி, கோடரி முதலியவற்றை வைத்திருத்தல், தெருக்களில் நீர்க்குடங்களை வரிசையாக வைத்தல், வீட்டுத் தலைவர் இரவில் தம் வாயிலிலேயே இருத்தல் ஆகியவை அவற்றுள் சில. தீப்பற்றிய வீட்டைக் காக்க ஓடாத வீட்டுடையவருக்கு 12 பணம் தண்டம் விதிக்கப்படுகிறது. தீயணைப்பு இங்கு ஊரார் அனைவரின் கடமையாகும். அதற்கெனத் தனிப் படை இன்மையால் தனித் தங்குமிடமும் தேவைப்படவில்லை. துயிலறை என்னும் சிக்கல், தீயணைப்பு ஒரு சிலரின் தொழிலாக மாறும்போதுதான் தோன்றுகிறது.

அத்தகைய மாற்றத்தின் மிகப் பழைய சான்று உரோமில் கிடைக்கிறது. பேரரசர் அகசுடசு கி.பி. 6-இல் ‘விகிலெஸ்’ எனப்பட்ட காவற்படையை நிறுவினார். நகரின் 14 வட்டாரங்களுக்கும் 7 பிரிவுகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு பிரிவும் இரண்டு வட்டாரங்களைக் காத்தது. தலைமைப் பாசறைகளோடு, வட்டாரத்திற்குள்ளேயே சிறிய காவல் இல்லங்களும் இருந்தன. உரோமின் திரசுதேவெரே பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் ஏழாம் பிரிவின் காவல் இல்லம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் சுவர்களில் படைவீரர்கள் கீறிய எழுத்துகள் ஏராளமாக இருந்தன. அவற்றுள் ஒன்றில் ஒரு வீரர் தாம் களைத்துப் போனதாகவும் தமக்கு மாற்றாள் தருமாறும் வேண்டுகிறார். தீயணைப்பு நிலையத்தின் தங்குமிடம் பற்றிக் கிடைக்கும் தொல்பொருட் சான்றுகளில் பணிநேரம் குறித்த முறையீடும் ஒன்றாக இருப்பது தற்செயலன்று. கூரையும் சுவரும் அரசு தந்தது. மாற்றாள் எப்போது வருவார் என்பதே அங்கிருந்தவரின் கேள்வியாயிற்று.

ஒரே தலையணை: எடோ நகரின் பாசறை

1657-இல் நிகழ்ந்த மெய்ரெகிப் பெருந்தீ இன்றைய தோக்கியோவான எடோ நகரின் பெரும்பகுதியை அழித்தது. மறு ஆண்டு, 1658-இல், சோகுன் அரசின் நேரடி ஆளுகைக்குட்பட்ட நிலையான தீயணைப்புப் படைகள் அமைக்கப்பட்டன. இப்படைகளின் அடிநிலைப் பணியாளர்கள் பாசறையின் பெரிய அறை ஒன்றில் வரிசையாகப் படுத்தனர். அவர்கள் அனைவருக்கும் நீண்ட மரக்கட்டை ஒன்றே தலையணை. தீச்செய்தி வந்ததும் இரவுக் காவலர் அக்கட்டையின் முனையைச் சுத்தியலால் அடிப்பார். படுத்திருந்த அனைவரும் ஒரே நேரத்தில் விழித்தெழுவர்.

இவ்வமைப்பில் தலையணையே மணியாகவும் செயற்பட்டது. உறங்குவதற்கும் எழுப்புவதற்கும் ஒரே பொருள் பயன்பட்டது. துயிலறையை இயந்திரத்தின் ஓர் உறுப்பாகக் கொள்ளும் கருத்து இங்கு முழுமை பெறுகிறது. விரைவு என்ற ஒரே அளவுகோலால் நோக்கினால் இதைவிடச் செம்மையான ஏற்பாடு அரிது. எனினும் தலையில் இறங்கும் அதிர்ச்சியோடு நாள்தோறும் விழிக்கும் உடலைப் பற்றிய கருத்து எதுவும் அதில் இல்லை. விரைவுக்கும் உடல்நலத்திற்கும் இடையிலான இந்த முரண், பின்வந்த எல்லாத் தீயணைப்பு நிலையங்களிலும் வெவ்வேறு வடிவங்களில் தொடர்கிறது.

வீடே நிலையம்: இலண்டன் முறை

1666-இன் பெருந்தீக்குப் பின் இலண்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் தத்தமக்கெனத் தீயணைப்புக் குழுக்களை வைத்திருந்தன. தேம்சு ஆற்றின் படகோட்டிகள் பலர் அவற்றில் பகுதிநேரமாகப் பணியாற்றினர். அவர்கள் தங்கள் வீடுகளிலேயே வாழ்ந்தனர். 1833-இல் இந்நிறுவனங்கள் சில ஒன்றிணைந்து ஒரே தீயணைப்பு அமைப்பை உருவாக்கின. எடின்பரோவில் பயிற்சி பெற்ற சேம்சு பிரெய்டுவுட் அதற்குத் தலைமையேற்றார். 80 முழுநேரப் பணியாளர்களும் 13 நிலையங்களும் கொண்ட அவ்வமைப்பில் பணியாளர்கள் நிலையத்திலேயே குடியிருந்தனர். 1861-இல் தூலி தெருத் தீயில் சுவர் இடிந்து பிரெய்டுவுட் உயிரிழந்தார். அத்தீயின் இழப்பைத் தாங்கவியலாத காப்பீட்டு நிறுவனங்கள் பொறுப்பை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தன. 1865-இன் சட்டப்படி 1866 முதல் நகரத் தீயணைப்புப் படை பொது நிறுவனமாயிற்று.

புதிய படையின் தலைவர் எயர் மாசி சா, கப்பலில் பணியாற்றியவர்களையே விரும்பித் தேர்ந்தார். கட்டுப்பாட்டுக்கும் இரவுக் காவலுக்கும் பழகியவர்கள் என்பதே காரணம். இத்தேர்வு துயிலறையோடும் தொடர்புடையது. கப்பலில் பணியிடமும் உறங்குமிடமும் ஒன்றே; விடுப்பு என்பது கரை சேரும் நாள்தான். அந்த வாழ்முறையை நகருக்குள் கொண்டுவந்தபோது தீயணைப்பு நிலையம் கரையில் நிற்கும் கப்பலாயிற்று. வேறுபாடு ஒன்றே: இங்கு மனைவி, மக்களும் உடன் வாழ்ந்தனர். 1889-இல் இலண்டன் மாவட்ட மன்றத்தின் பொறுப்பில் வந்தபின் கட்டப்பட்ட பல நிலையங்களில் கீழ்த்தளத்தில் ஊர்திக் கூடமும் மேல்தளங்களில் குடும்பங்களுக்கான வீடுகளும் அமைந்தன. 1902-இல் எழுந்த யூசுடன் சாலை நிலையம் அவற்றுள் புகழ்பெற்றது.

நிலையத்திலேயே வீடு தருவது சலுகையாகத் தோன்றினும் அது தொடர்பணியின் மறுபக்கமாகும். வீடு நிலையத்தில் இருந்தமையால் பணியாளர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்பட்டார். 1918-இல் தீயணைப்பாளர் தொழிற்சங்கம் உருவான பின்னர், 1920-இல் இலண்டனில் இரு முறைப்பணித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பணிக்கு வருதலும் பணி முடிந்து வெளியேறுதலும் வேறுபடுத்தப்பட்டன. அதன் விளைவாக, குடும்ப வீட்டிற்குப் பதிலாகப் பணிமுறையில் இருப்போர் மட்டும் இரவைக் கழிக்கும் பொதுத் துயிலறையே நிலையத்தின் இன்றியமையாத தேவையாயிற்று. கட்டடத்தின் உள்ளமைப்பு மாறுவதற்குக் கட்டடக் கலையைவிடப் பணிநேர விதியே காரணமாக இருந்தது என்பதற்கு இது தெளிவான சான்று.

குதிரையும் கம்பமும்

குதிரைகள் தீயணைப்பு வண்டிகளை இழுத்த காலத்தில் கீழ்த்தளம் வண்டிக்கும் கொட்டிலுக்கும் உரியதாயிற்று. வைக்கோலும் மனிதரும் மேல்தளத்திற்குச் சென்றனர். இதிலிருந்தே சறுக்குக் கம்பம் பிறந்தது. 1878-இல் சிகாகோவில் கறுப்பினத்தவர் மட்டும் பணியாற்றிய 21-ஆம் குழுவில், வைக்கோல் ஏற்றப் பயன்பட்ட கம்பத்தின் வழியாக ஒருவர் விரைந்து இறங்கியதைக் கண்ட தலைவர் தேவிட் கென்யன், மேல்தளத்தில் துளையிட்டு நிலையான கம்பம் அமைத்தார். முதலில் எள்ளி நகைத்த பிற நிலையங்களும் அக்குழுவின் விரைவைக் கண்டு அதனைப் பின்பற்றின. 1880-இல் பாசுடனில் பித்தளைக் கம்பம் வந்தது.

இலண்டனில் குதிரைகள் 1921-இல் ஓய்வு பெற்றன. ஆயினும் துயிலறையை ஊர்திக் கூடத்திற்கு மேலேயோ ஒட்டியோ அமைக்கும் வழக்கம் நீடித்தது. குதிரையின் இடத்தை டீசல் பொறி பிடித்தபின் இவ்வழக்கம் புதிய தீங்கைக் கொணர்ந்தது. நாள்தோறும் இயக்கிச் சோதிக்கப்படும் பொறியின் புகை படிக்கட்டு வழியாகவும் கம்பத்தின் துளை வழியாகவும் உறங்குமிடத்தை அடைந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. 2022-இல் தீயணைப்புத் தொழிலையே அதே முதல் வகையில் வைத்தது. ஒரு காலத்தில் விரைவைக் கூட்டிய அண்மை, இன்று நலத்தைக் குறைக்கும் அண்மையாகிவிட்டது. பழைய அறையை அதே இடத்தில் புதுப்பிப்பது போதுமா என்னும் வினா இங்கிருந்தே எழுகிறது.

சிங்கப்பூரும் சென்னையும்

தமிழர் வாழும் இரு துறைமுக நகரங்களில் 1908 குறிப்பிடத்தக்க ஆண்டாகும். சிங்கப்பூரில் இல் தெருவின் மையத் தீயணைப்பு நிலையம் அவ்வாண்டு கட்டி முடிக்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்காணிப்பாளராக வந்த மாண்டேகு பெட் அங்குத் தொழில்முறைத் தீயணைப்புப் படையை உருவாக்கினார். சிவப்புச் செங்கலும் வெள்ளைப் பூச்சும் மாறிமாறி அமைந்த அக்கட்டடம் கண்காணிப்புக் கோபுரத்தோடும் பணியாளர் குடியிருப்போடும் எழுப்பப்பட்டது. 1998-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2001 முதல் அதன் ஒரு பகுதி குடிமைப் பாதுகாப்பு அருங்காட்சியகமாக விளங்குகிறது. எனினும் நிலையம் இன்றும் இயங்குகிறது. பழைமையைக் காத்தலும் பணியைத் தொடர்தலும் ஒரே கட்டடத்தில் இயலும் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

அதே 1908-இல் சென்னை நகரத் தீயணைப்புப் படை அமைந்தது. ஆறு ஆண்டுகளில், 1914 செப்டம்பர் 22 இரவில், செருமானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. நகரம் உறங்கச் செல்லும் வேளையில் பெருந்தீ மூளும் என்பதைச் சென்னை அன்று கண்கூடாக அறிந்தது. இந்தியத் தீயணைப்பு வரலாற்றின் பெருந்துயரமும் ஒரு துறைமுகத்திலேயே நிகழ்ந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் சிட்டிகைன்’ கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பாளர்கள் உயிர்நீத்தனர். அந்நாளே நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சென்னை மாகாணத்தில் தீயணைப்புப் பணி காவல்துறையின் கட்டுப்பாட்டில் வளர்ந்தது. 1967-இல்தான் அது தனித் துறையாகப் பிரிந்தது. தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம் 1985-இல் இயற்றப்பட்டது. 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்பை நகராட்சிப் பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடினும், தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறையாகவே தொடர்கிறது. 1981-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் காவல்துறையோடு சிறைத்துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றுக்கும் கட்டடங்களைக் கட்டித் தருகிறது. துறை பிரிந்தபோதும் வீடு பிரியவில்லை எனலாம்.

இந்நிருவாகத் தொடர்ச்சி துயிலறை பற்றிய பார்வையைப் பாதித்துள்ளது. காவலர் ‘லைன்’ வீடு என்பது பணியாளரைப் பணியிடத்திற்கு அருகே குடியமர்த்தும் முறை. அது இலண்டனின் 19-ஆம் நூற்றாண்டுக் குடும்ப வீட்டிற்கு நெருங்கிய உறவுடையது. தீயணைப்பு நிலையத்திற்கோ இரண்டு தனித்தனித் தேவைகள் உள்ளன. ஒன்று, குடும்பத்தோடு வாழும் குடியிருப்பு. மற்றொன்று, பணியில் இருப்போர் இரவைக் கழிக்கும் துயிலறை. முன்னது வீட்டுவசதிக்குரிய பொருள். பின்னது பணிக்கருவிக்குரிய பொருள். நீர் வண்டியும் குழாயும் போலத் துயிலறையும் பணித்திறனைத் தீர்மானிக்கிறது. இரண்டும் ‘தங்குமிடம்’ என்னும் ஒரே சொல்லில் அடங்கும்போது, வீட்டுவசதி பெருகினாலே துயிலறைச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்னும் மயக்கம் தோன்றுகிறது.

விழிப்பின் முதல் நிமிடங்கள்

நிலைத் தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் நெறிமுறை, அழைப்பு வந்ததும் நகர்ப்புறத்தில் 5 முதல் 7 நிமிடங்களுக்குள்ளும் ஊர்ப்புறத்தில் 20 நிமிடங்களுக்குள்ளும் இடரிடத்தை அடைய வேண்டும் எனக் கூறுகிறது. இந்நேரத்தைக் குறைப்பது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் சாலை, ஊர்தி, நிலையங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. ஆனால் இரவு அழைப்பில் முதல் நிமிடம் கட்டிலுக்கும் ஊர்திக்கும் இடையே கழிகிறது. குறுகிய வாயில், இருண்ட படிக்கட்டு, உடை மாட்ட இடமின்மை ஆகியவை அந்நிமிடத்தை நீட்டுகின்றன.

மேலும், உடல் எழுந்துவிட்டாலும் அறிவு உடனே எழுவதில்லை. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து திடீரென எழுப்பப்பட்டவரின் கவனமும் முடிவெடுக்கும் ஆற்றலும் அரை மணி நேரம் வரையிலும் குறைந்திருக்கக்கூடும் என்பது உறக்கவியல் ஆய்வுகளின் முடிவு. உறக்கக் குறைவு சேரச்சேர அம்மயக்கம் நீள்கிறது. 5 நிமிடத்தில் தீயிடத்தை அடையும் தீயணைப்பாளர் இம்மயக்கம் நீங்காத நிலையிலேயே ஏணியில் ஏறுகிறார். அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது நிகழ்ந்த தீயணைப்பாளர் இறப்புகளை ஆராய்ந்து 2007-இல் வெளியான கேல்சு குழுவினரின் ஆய்வு, அவற்றில் 45 விழுக்காடு இதய நோயால் நேர்ந்தவை என்கிறது. இதய நோய் இறப்புகளுள் ஏறத்தாழ 13 விழுக்காடு தீயை நெருங்கும் முன்னரே, அழைப்பை ஏற்றுப் புறப்படும் கட்டத்தில் நிகழ்ந்துள்ளது. எடோ நகரின் சுத்தியல் அடி இன்று மின்மணியாக மாறியிருப்பினும் அது இதயத்தின் மீதே விழுகிறது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. மெல்லத் தொடங்கி உயரும் ஒலியும், கண்ணைக் கூசச் செய்யாத வழிகாட்டு விளக்கும் சிறு மாற்றங்களே. ஆயினும் அவை உயிர் தொடர்பானவை.

சென்னையில் 2012 சனவரி 16 அதிகாலையில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் கலசமகாலில் மூண்ட தீ இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பழைமையான அக்கட்டடத்தின் இடிபாட்டில் தீயணைப்புப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். கோட்ட அலுவலர் பிரியா இரவிச்சந்திரன் படுகாயமுற்றார். நகரம் உறங்கும் வேளையில் எழுந்து ஓடுவதே இப்பணியின் இயல்பு என்பதை அந்நிகழ்வு நினைவூட்டியது.

பிரியா இரவிச்சந்திரனும் மீனாட்சி விசயகுமாரும் 2003-இல் தமிழ்நாட்டின் முதல் பெண் கோட்ட அலுவலர்களாகப் பொறுப்பேற்றனர். இலண்டனில் முதல் பெண் தீயணைப்பாளர் 1982-இல் சேர்ந்தார். பெண்களின் வருகை பொதுத் துயிலறை என்னும் கருத்தையே மறு ஆய்வுக்கு உட்படுத்தியது. ஒரே கூடத்தில் வரிசைக் கட்டில் என்பது ஆண்கள் மட்டுமே பணியாற்றுவர் என்ற கருத்தின் கட்டட வடிவமாகும். தனியறையோ தடுப்பறையோ அமைப்பதைப் பெண்களுக்கான சலுகையாகக் கருதுதல் பொருந்தாது. ஒருவரின் இருமலும் குறட்டையும் கைப்பேசி வெளிச்சமும் மற்றவரின் உறக்கத்தைக் கெடுக்காத அறை ஆண்களுக்கும் அதே அளவு பயன் தருவது.

ஒகேனக்கல்: நீரோடு அமைந்த பணி

இதுவரை கண்ட வரலாறு தீயை மையமாகக் கொண்டது. ஒகேனக்கல் பகுதியின் பணிச்சூழல் வேறு. பிலிகுண்டுலுவைக் கடந்து வரும் காவிரி இங்குப் பாறைப் பிளவுகளில் குறுகிப் பாய்கிறது. கருநாடகத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் நீர்வரத்து சில நாள்களில் பன்மடங்கு உயரும். 2018-இல் மேட்டூர் அணை சூலை 23 அன்று தன் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. ஆகத்து மாதத்தில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து வினாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடியைக் கடந்தது. இத்தகைய நாள்களில் பரிசல் இயக்கவும் குளிக்கவும் மாவட்ட நிருவாகம் தடை விதிக்கிறது. ஆடிப்பெருக்கு விழாவும் இதே பருவத்தில் வருவதால், ஆற்றின் பெருக்கும் மக்களின் பெருக்கும் ஒரே நேரத்தில் கூடுகின்றன. காவல், வருவாய், தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர் கரையோரத்தில் தொடர் கண்காணிப்பில் நிறுத்தப்படுகின்றனர்.

இப்பணியின் தாளம் நகர நிலையத்தினின்றும் வேறுபட்டது. நகரில் அழைப்புகள் ஆண்டு முழுவதும் பரவி வருகின்றன. ஆற்றங்கரையில் சில வாரங்கள் இரவு பகலாகப் பணி நீள்கிறது. நகரில் உடையில் படிவது கரியும் நச்சும். இங்குச் சேறும் ஈரமும். மூழ்கியவரைத் தேடும் பணியில் வெளிச்சம் மங்கும் வரை நீரில் நின்றவர், மறுநாள் விடியலில் மீண்டும் இறங்க வேண்டும். இடைப்பட்ட சில மணி நேர உறக்கமே அவருடைய பாதுகாப்பு. ஈர உடையும் கயிறும் மிதவைச் சட்டையும் உறங்கும் அறையிலேயே காயவைக்கப்பட்டால் அறை முழுவதும் ஈரம் கோக்கும். காய்ச்சலும் தோல் நோயும் தொடரும். எனவே இத்தகைய பகுதிகளுக்குப் பணியாற்றும் நிலையங்களில் உலர்த்தும் அறை துயிலறையின் பகுதியாகவே திட்டமிடப்பட வேண்டும்.

இதில் மனம் சார்ந்த கூறும் உண்டு. தீயை அணைத்தவர் வெற்றியுணர்வோடு திரும்பலாம். உடலைத் தேடி எடுத்தவர் அவ்வாறு திரும்புவதில்லை. கரையில் அழுது நின்ற குடும்பத்தின் முகமும் அவரோடு அறைக்குள் வருகிறது. உடன் பணிபுரிவோருடன் அமர்ந்து பேச ஓர் இடமும், தனித்திருக்க ஓர் இடமும் அவருக்குத் தேவை. வரிசைக் கட்டில் கூடம் இவ்விரண்டில் எதையும் தருவதில்லை.

சீரமைப்பின் வரையறை

மேற்கண்ட சான்றுகளின் அடிப்படையில், துயிலறைச் சீரமைப்பு பின்வரும் வரிசையில் அணுகத்தக்கது. முதலாவது, பணிமுறை: ஒரு நேரத்தில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் நிலையத்தில் இருப்பர் என்பது தீர்மானமாக வேண்டும், அதற்குப் பின்னரே கட்டில்களின் எண்ணிக்கை. இரண்டாவது, பிரிப்பு: ஊர்திக் கூடம், அழுக்குடை களையுமிடம், குளியலறை, உலர்த்தும் அறை, துயிலறை என்ற ஒழுங்கில், புகையும் அழுக்கும் உறங்குமிடத்தை எட்டாதவாறு இடம் வகுத்தல். மூன்றாவது, வழி: கட்டிலிலிருந்து ஊர்தி வரை தடையற்ற, ஒளியுள்ள, ஒரே தளத்திலான பாதை. நான்காவது, தட்பவெப்பம்: வெயில் நேரடியாக இறங்காத கூரை, எதிரெதிர்ச் சன்னல்கள், கொசுவலை. தமிழ்நாட்டுக் கோடையில் பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட்டுத் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை உமிழும். மின்விசிறி அவ்வெப்பத்தைச் சுழற்றுமேயன்றிக் குறைக்காது.

ஐந்தாவது கூறு பெரும்பாலும் திட்டத்தில் இடம்பெறாதது: சீரமைப்பு நடைபெறும் காலம். பள்ளிக்கு விடுமுறை விடலாம். அலுவலகத்தை வேறிடம் மாற்றலாம். தீயணைப்பு நிலையத்தை ஒருநாளும் மூட இயலாது. கட்டடத்தின் ஒரு பாதியில் வேலை நடக்க மறுபாதியில் பணி தொடர வேண்டும். அம்மாதங்களில் பணியாளர்கள் தூசியிலும் ஓசையிலும் உறங்க நேர்ந்தால், நலத்திற்காக மேற்கொண்ட பணியே நலக்கேடாக முடியும். இடைக்காலத் தங்குமிடச் செலவைத் தொடக்கத்திலேயே மதிப்பீட்டில் சேர்ப்பது இதற்குத் தீர்வாகும். ஒகேனக்கல் போன்ற பகுதிகளில் வேலையின் காலமும் முக்கியம். ஆற்றில் நீர் பெருகும் மாதங்களைத் தவிர்த்தே அது தொடங்கப்பட வேண்டும்.

பொருள் இல்லை என்பது இன்று முழுமையான விடையாகாது. பதினைந்தாம் நிதிக் குழுவின் பரிந்துரையையொட்டி, மாநிலத் தீயணைப்புப் பணிகளை விரிவாக்கவும் நவீனப்படுத்தவும் 5000 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டத்தை ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கியது. ஊர்தி, ஏணி, மீட்புக் கருவி ஆகியவை இத்தகைய திட்டங்களில் எளிதில் இடம்பெறும். அவற்றைக் காட்சிப்படுத்தவும் எண்ணிக் காட்டவும் இயலும். நல்ல உறக்கத்தைக் காட்சிப்படுத்த இயலாது. ஆகவே துயிலறையைப் பணிக்கருவியாக வரையறுப்பது ஏட்டுச் சொல்லாய்வு மட்டுமன்று. நிதி எத்தலைப்பில் ஒதுக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் செயலுமாகும்.

முடிவுரை

உரோமக் காவல் இல்லம், எடோவின் ஒரே தலையணை, இலண்டனின் மாடி வீடு, சிகாகோவின் கம்பம், சென்னையின் காவல்துறை மரபு ஆகியவை அனைத்தும் தீயணைப்பாளரின் நேரம் யாருக்குரியது என்ற வினாவுக்கு அவ்வக்காலம் தந்த விடைகள். நேரம் முழுவதும் அமைப்புக்கே உரியது எனக் கொண்டபோது துயிலறை பாசறையாகவோ குடும்ப வீடாகவோ அமைந்தது. பணிநேரம் வரையறுக்கப்பட்டபோது அது பொதுத் துயிலறையாயிற்று. பணியாளரின் உடல்நலமும் பாலின நிகர்மையும் கருதப்படும் காலத்தில் அது மீண்டும் மாற வேண்டியுள்ளது. சீரமைப்பு என்பது இம்மாற்றத்தை உணர்ந்து செய்யும் பணியாகும்போதே பொருள் பெறும்.

இரவெல்லாம் விழித்திருந்த காவலரை மதுரைக்காஞ்சி போற்றியது. அவ்விழிப்பைத் தாங்கிய உறக்கத்திற்கு உரிய இடத்தைக் கட்டித் தருவது இன்றைய நிருவாகத்தின் கடமை. களைத்துவிட்டேன், மாற்றாள் தருக என்று உரோமச் சுவரில் எழுதியவரின் வேண்டுகோளுக்கு ஒவ்வொரு நிலையத்தின் பணிப்பட்டியலும் துயிலறையும் இணைந்தே விடை கூற வேண்டும்.